நான் ஓர் எக்ஸை எடுத்துவிட்ட வாரம்

போன மாதம் சமையலறையில் எறும்பு. சாதாரண எறும்பு இல்லை. சர்க்கரை டப்பாவை இறுக்கி மூடி வைத்தாலும் மூடியின் மரையைச் சுற்றிச் சுற்றி நடந்து உள்ளே போகிற ரகம். கடைக்குப் போய் எறும்பு சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்கிவந்து, மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கோடு இழுத்தேன். நேராக வர வேண்டிய கோடு. கை தன் பாட்டுக்கு மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி போட்டு, நடுவில் நீளமாக நெளித்துவிட்டு நின்றது. என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, பாம்பா?"

"இன்டகிரல்டி."

"எறும்புக்கு இன்டகிரேஷன் சொல்லித் தரியா? நல்லா வரும் போ" என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை. முட்டி வலி ஒரு காரணம். இன்னொன்று, அந்த மருந்து நெடிக்கு அடியில் வெறும் சாக்பீஸின் வாசனை கொஞ்சம் இருந்தது. ஈரச் சுவரில் எழுதினால் வருமே, அந்த வாசனை. உங்களுக்கு அது பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்தலாம். எனக்கு நெல்லித்தோப்பில் ஓர் அரிசி மண்டியின் பக்கச் சுவரைத்தான் ஞாபகப்படுத்தும்.

மண்டிக்கு மேலே மாடியில் ஒரு டுட்டோரியல் இருந்தது. இரண்டு வகுப்பறை, ஒரு சாக்பீஸ் அலமாரி, ஒரு மின்விசிறி. விசிறி இருக்கிற அறையைப் பிடிக்க பிளஸ் டூ பிள்ளைகள் அரை மணி முன்னாலேயே வந்துவிடுவார்கள். கீழே மூட்டை தட்டும்போதெல்லாம் தவிடு மேலே ஏறி வந்து பெஞ்சில் மெல்லிசாகப் படியும். அந்தத் தவிட்டில் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் உண்டு. அங்கேதான் என் முதல் வேலை. பி.எஸ்ஸி. கணிதம் முடித்து இருபத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த கணக்கு சார் துபாய்க்குப் போய்விட்டதால் அந்த இடம் கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வதாக ஏற்பாடு.

டுட்டோரியலின் உரிமையாளரை நாங்கள் ஓனர் சார் என்போம். காமர்ஸ் படித்தவர். கணக்கு தெரியாது, ஆனால் கும்பல் சேர்க்கத் தெரியும். மண்டியின் பக்கச் சுவரில் தெருவைப் பார்த்து ஒரு கரும்பலகை பூசி, மேலே 'வாரக் கணக்கு' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கணக்கு எழுதப்படும். தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் போடலாம். விடையைச் சீட்டில் எழுதி, ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு, கணக்கைக் கொடுத்த டீச்சரே கீழே இறங்கிவந்து, எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். முதலில் சரியாகப் போட்டவருக்கு ஒரு பேனா. அவர் பெயர் ஒரு வாரம் சுவரில் இருக்கும். கும்பல் வந்தது பெயருக்காகத்தான், பேனாவுக்காக இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஓனர் சார் கேட்டுவிட்டார். "பொம்பளப் புள்ள, சனிக்கிழம கும்பல்ல நின்னு எழுதுவியாம்மா?"

"எழுதுவேன் சார்" என்றேன், குரல் நடுங்காமல். வீட்டில் அப்பாவும் ஒரு கெடு வைத்திருந்தார். "மூணு மாசம் பாரு. சரியா வரலன்னா சேதராப்பட்டுல உங்க சித்தப்பா கம்பெனில டைப்பிஸ்ட் வேல இருக்கு. காலைல கம்பெனி பஸ்ஸு வாசல்லயே வருது." டைப் அடிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்குக் கணக்கு சொல்லித்தரப் பிடித்திருந்தது. அதைவிட, கணக்கு எனக்கு வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது பொய்யாகிவிடுமோ என்ற பயம் உள்ளுக்குள் எப்போதும் இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கை தூக்கினால் போதும், பார்க்காத மாதிரி போர்டு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முதல் நான்கு வாரமும் நான் எழுதிய கணக்குகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பிஸ்கட் டின்னில் விடையாக விழுந்துவிட்டன. ஓனர் சாருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சப்புன்னு இருக்கேம்மா. பன்னு வாங்க வர்றவன்லாம் போட்டுட்டுப் போறான். பழைய சாரு கணக்கு போட்டாருன்னா மூணு நாளு நிப்பானுங்க."

பழைய சார் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. சும்மா போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதற்கு இந்தச் சுருக் போதாதா?

கணக்கு என்றாலே பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு பத்திதான். வகையிடல் என்பது அரைப்பது மாதிரி. எதைப் போட்டாலும் மாவு வந்துவிடும். தொகையிடல், அதாவது இன்டகிரேஷன், மாவைக் கையில் கொடுத்து, இதில் என்னென்ன போட்டு அரைத்தார்கள் என்று கேட்பது. அந்த வாரம் வகுப்பில் ஒரு கணக்கு நடத்தியிருந்தேன். எக்ஸ், பக்கத்தில் இ, இ-யின் தலையில் எக்ஸ் ஸ்கொயர். முன்னால் நிற்கிற அந்த எக்ஸ் இருப்பதால் கணக்கு ஒன்றரை வரியில் விழுந்துவிடும். பிள்ளைகள் கைதட்டாத குறை. நான் யோசித்தேன். இந்த எக்ஸ்தானே எல்லோருக்கும் வழி காட்டுகிறது? இதைத் தூக்கிவிட்டால் கொஞ்சம் திணறுவார்கள் இல்லையா?

தூக்கிவிட்டேன். சனிக்கிழமை ஆறு மணிக்குச் சுவரில் எழுதினேன். நீள நெளிவு, இ, தலையில் எக்ஸ் ஸ்கொயர், கடைசியில் டி எக்ஸ். ஒரு முழம் கூட இல்லை. பார்த்தால் குழந்தை மாதிரி இருந்தது.

அதை நான் முதலில் போட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நான் படித்த புத்தகம் எல்லாவற்றிலும் பயிற்சிக் கணக்குகளுக்குக் கடைசிப் பக்கங்களில் விடை இருந்தது. ஒரு நெளிவைப் போட்டு உள்ளே எதை எழுதினாலும், எங்கேயோ ஒரு கடைசிப் பக்கத்தில் அதற்கு விடை காத்திருக்கும் என்று பதினைந்து வருஷப் படிப்பு என்னை நம்பவைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டின் காலி. ஓனர் சாருக்குச் சந்தோஷம். "இப்பதாம்மா களகட்டுது" என்றார். திங்கட்கிழமை மத்தியானம், சனிக்கிழமைக்கு வேண்டிய விடையை அழகாக எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் மத்தியானம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு மணிக்குக் கடைகளின் ஷட்டர் இறங்கினால் நான்கு மணிக்குத்தான் ஏறும். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷமாகியும் அவன் மத்தியானத் தூக்கத்தை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. மண்டியிலும் மூட்டை மேல் ஆள் தூங்கும். காலை வகுப்புக்கும் சாயங்கால வகுப்புக்கும் நடுவில் மாடி எனக்கு மட்டும்தான். பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் போட்டேன்.

எக்ஸ் ஸ்கொயரை வேறொரு எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். கீழே ஒரு வர்க்கமூலம் வந்து உட்கார்ந்துகொண்டது. பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு துண்டு தீர்ந்தால் அதைவிடப் பெரிய துண்டு மிச்சம் நின்றது. செவ்வாய்க்கிழமை சைன், காஸ் எல்லாம் கொண்டுவந்து பார்த்தேன். அதெல்லாம் எதற்கு வந்தன என்று அவற்றுக்கே தெரியவில்லை. புதன்கிழமை முடிவில்லாத தொடராக விரித்துப் போட்டேன். அது வந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒவ்வோர் உறுப்பாக நீண்டுகொண்டே போனது. இதைச் சுவரில் எழுத வேண்டுமென்றால் மண்டிச் சுவர் போதாது, கடற்கரை வரைக்கும் சுவர் கட்ட வேண்டும்.

எனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், வேலை போய்விடும் என்பதைவிட இதுதான் என்னை அரித்தது. நாலு மார்க் அதிகமாக வாங்கினதால் தெரிந்தவள் மாதிரி நடிக்கிறேன், சனிக்கிழமை சாயம் வெளுக்கப் போகிறது. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வேப்பிலை அடிக்கலாமா என்று கூடக் கேட்டாள்.

இதற்கு நடுவில் ஏழுமலை. எங்கள் முக்கில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிற கான்ஸ்டபிள். நாற்பது வயதிருக்கும். டூட்டி முடிந்ததும் சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவர் முன்னால் வந்து நிற்பார். வண்டி நம்பர் குறிக்கிற பாக்கெட் நோட்டில் கணக்கைக் குறித்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை நான் படியிறங்கும்போது பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒரு சின்ன க்ளூ குடுங்க. மூணு நாளா மண்ட காயுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யோசிங்க சார், வரும்" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அவர் தலையாட்டினார். "எனக்கு வராது டீச்சர். நானும் பி.எஸ்ஸி. மேத்ஸ்தான், ரெண்டாவது வருஷத்தோட உட்டுட்டேன். ஒரே ஒரு இன்டகிரேஷன். ஒரு வாரம் போட்டேன், வரல. பக்கத்துல ஒக்காந்தவன் போட்டுட்டான்னு சொன்னான். சரி, நம்ம மண்ட அவ்ளோதான்னு போலீஸ்ல சேந்துட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை ஓனர் சார் பிஸ்கட் டின்னோடு மாடி ஏறி வந்தார். மேஜை மேல் கவிழ்த்தார். பதினாலு சீட்டு. பதினாலிலும் ஒரே விடை. இ பவர் எக்ஸ் ஸ்கொயர், கீழே இரண்டு எக்ஸ்.

"பாத்தியாம்மா? பதினாலு பேரு ஒரே மாதிரி எழுதியிருக்கான். அப்ப சரியாத்தான இருக்கும்?"

கணக்கை ஓட்டெடுப்பில் முடிக்கலாம் என்று அவருக்கு நம்பிக்கை. "பாத்துட்டு சொல்றேன் சார்" என்று மென்று முழுங்கினேன். அவர் போனதும் அந்த விடையைத் திருப்பி வகையிட்டுப் பார்த்தேன். முதலில் கேட்ட கணக்கு வந்தது. கூடவே ஒரு வாலும் வந்தது. அந்த வால் வரக்கூடாது. வால் வந்தால் விடை தப்பு.

ஆனால் தப்பு என்று யாருக்குத் தெரியும்? யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை நான் அதையே சுவரில் எழுதிவிட்டால் பதினாலு பேருக்குச் சந்தோஷம், ஓனர் சாருக்குச் சந்தோஷம், எனக்கு வேலை. சேதராப்பட்டு பஸ் வாசலில் நின்றுவிட்டு அதன் பாட்டுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை காலை வரை அதைத்தான் செய்வதாக இருந்தேன். எப்படி வேகமாக எழுதி வாலை மறைப்பது என்று கூட ஒத்திகை பார்த்தேன். ஒன்றே ஒன்று உறுத்தியது. ஏழுமலை அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போவார். இதுகூட எனக்கு வரவில்லையே என்று இன்னொரு தடவை நினைப்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இயற்பியல் எடுக்கும் திரேஸ் அக்கா என்னைப் பிடித்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், குடும்பமே பிரெஞ்சு நேஷனாலிட்டி. தம்பி ஜான் பாரிஸில்.

"இன்னாடி, மூஞ்சி வாடிக் கெடக்கு? கல்யாணம் பேசறாங்களா?"

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். போட்டுப் பார்க்காமல் எழுதியது, வால், ஒத்திகை, எல்லாம். அவள் கேட்டுவிட்டுக் கணக்கை ஒரு தடவை பார்த்தாள். "இது எங்கியோ பாத்திருக்கேனே. ஜான் நோட்டுல. வா வூட்டுக்கு."

அவள் வீடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம். அப்பா நாற்காலியில் சாய்ந்து கண் மூடி பிரெஞ்சு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். "பொன்ழூர்" என்றார், கண்ணைத் திறக்காமலே. திரேஸ் அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள். பாச்சை உருண்டை வாசனை. தம்பி ஜான் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எழுதிய நோட்டுகள், சின்னச் சின்னக் கட்டம் போட்டவை, ஊதா மை. மூன்றாவது நோட்டில் கிடைத்தது. என் கணக்கேதான், எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால் ஒரு மைனஸ் மட்டும் கூட இருந்தது. அதற்குக் கீழே பிரெஞ்சில் இரண்டு வரி, சிவப்பில் அடிக்கோடு.

அவள் விரல் வைத்து வாசித்தாள். "இதுக்கு பிரிமித்திவ் உண்டு. ஆனா நமக்குத் தெரிஞ்ச ஃபங்ஷன்கள வச்சி எழுத முடியாது. முடியாதுன்னு நிரூபிச்சாச்சு. மைனஸ் இருந்தாலும் இல்லாட்டியும் இதே கததான்." தொகையிட்டு வருவதை அவர்கள் பிரிமித்திவ் என்பார்கள். "நூறு வருஷத்துக்கும் முன்னாடியே நிரூபிச்சுட்டாராம். பிரெஞ்சுக்காரருடி. எங்க ஆளு!"

"உண்டு, ஆனா எழுத முடியாதா? அது எப்படிக்கா?"

"புள்ள பொறந்துடுச்சு, மேரில பேரு பதியல. அவ்ளோதான்."

மேரி என்பது பிரெஞ்சுக்காரர்கள் காலத்து நகராட்சிக் கட்டடம். பிறப்பு இறப்பெல்லாம் அங்கேதான் பதிவு. ஒரு காகிதத்தில் பெயர் இல்லாததால் பிரான்சுக்குப் போக முடியாமல் நின்ற சொந்தக்காரர்கள் அவள் வீட்டில் உண்டு. அதனால் அவளுக்கு அது சட்டென்று வந்தது. எனக்கும் சட்டென்று புரிந்தது. அந்தச் சார்பு இருக்கிறது. சைன், காஸ், லாக், அடுக்கு என்று நம்மிடம் இருக்கிற பதிவேட்டில் அதற்குப் பெயர் இல்லை. நான் ஐந்து நாளாகத் தேடியது இல்லாத பெயரை.

அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? என்னால் முடியவில்லை என்பது வேறு, யாராலும் முடியாது என்பது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு காற்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திரேஸ் அக்கா வீட்டில் இரண்டு தட்டு மீன் குழம்பு சோறு சாப்பிட்டேன்.

இருந்தாலும் சனிக்கிழமை என்று ஒன்று இருந்தது. அன்றைக்குக் கும்பல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவர்கள், கம்பெனி பஸ்ஸில் இறங்கி டிபன் கேரியரோடு நின்றவர்கள், மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். பின்னால் ஒரு சிவப்புத் தொப்பி. ஓனர் சார் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஈரத்துணியால் சுவரைத் துடைத்தேன். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

முதலில் பதினாலு பேரின் விடையை எழுதினேன். பின்பக்கம் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு. அதை வகையிட்டேன். வாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். "இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன். முணுமுணுப்பு நின்றது.

"இந்தக் கணக்குக்கு விடை, நமக்குத் தெரிஞ்ச சார்புகள வச்சு எழுத முடியாது. யாராலயும் முடியாது. முடியாதுன்னே நிரூபிச்சிருக்காங்க."

ஓனர் சார் இரண்டு படி இறங்கினார். "இன்னாம்மா சொல்ற? வெட இல்லாத கணக்கையா ஒரு வாரம் செவுத்துல வச்சிருந்த?"

இந்த இடத்தில் தெரிந்தேதான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள், பெரிய புத்திசாலி என்று கூடப் பேர் வந்திருக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் போட்டுப் பாக்காம எழுதிட்டேன் சார். கஷ்டமா இருக்கட்டும்னு ஒரு எக்ஸைத் தூக்கிட்டேன். நேத்து வரைக்கும் எனக்கே தெரியாது. நானும் அஞ்சு நாளா போட்டுட்டு வரலன்னுதான் இருந்தேன். தப்பு என்னுது."

சேதராப்பட்டு பஸ்ஸின் ஹாரன் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அப்போது பின்னாலிருந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, ஒரு சத்தம்.

"அப்பாடா!"

ஏழுமலை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாலு நாளா தூங்கல டீச்சர். டூட்டில நின்னா லாரி மேல எல்லாம் இந்தக் கணக்குதான் தெரியுது. நல்ல வேள, யாராலயும் முடியாது!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கம்பெனி ஆள் ஒருவர் தன் பொண்டாட்டி இந்தக் கணக்கால் இரண்டு நாளாகத் தன்னோடு பேசவில்லை என்றார். என் வகுப்புப் பையன் ஒருவன் பரீட்சையில் இது வந்தால் மார்க் உண்டா என்று கேட்டான். கும்பல் கலையவே அரை மணி ஆயிற்று.

மாடிக்குப் போனால் ஓனர் சார் ஜன்னலில் நின்று கீழே எண்ணிக்கொண்டிருந்தார். "பழைய சாரு காலத்துல கூட இவ்ளோ பேரு வந்தது இல்லம்மா" என்றார். "இனிமே போட்டுப் பாத்துட்டு எழுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாசத்துக்கு ஒண்ணு இந்த மாதிரியும் போடு" என்றார். சுவரில் ஜெயித்தவர் பெயர் இல்லாமல் ஒரு வாரம் காலியாக இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் 'இந்த வாரம் வென்றது: கணக்கு' என்று எழுதினோம். மூன்று மாதம் முடிந்தபோது வேலை நிரந்தரம் என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. சாக்பீஸ் அலமாரிச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. அன்றைக்குக் கும்பல் கலைந்ததும் ஏழுமலை தயங்கித் தயங்கி வந்தார்.

"டீச்சர், அன்னிக்குச் சொன்னேனே, காலேஜ்ல வராத கணக்கு. ரூட் டேன் எக்ஸ். அதுவும் இந்த மாதிரிதான? யாராலயும் முடியாததுதான?"

ஆமாம் என்று கேட்க அவர் முகம் தயாராக இருந்தது. ஆமாம் என்று சொல்ல என் வாயும் தயாராக இருந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை போட்டுப் பார்க்காமல் பேசுவதா? "பாத்துட்டு திங்கக்கிழம சொல்றேன் சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டேன். நீளமான கணக்கு. எங்கேயோ போய், என்னென்னவோ ஆகி, மூன்று பக்கம் தாண்டி, வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை முக்கில் அவர் டூட்டி முடிகிற வரை காத்திருந்து சொன்னேன். "சார், அது வருது."

"வருதா?"

"மூணு பக்கம் போவுது. ஆனா வருது."

ஒரு டெம்போ தப்பான பக்கம் திரும்பியதைக் கூட அவர் கவனிக்கவில்லை. "நான் ரெண்டாவது பக்கத்துல உட்டுட்டேன்" என்றார். பிறகு, "அப்ப மண்டைல ஒண்ணும் கொற இல்ல. இன்னும் ஒரு பக்கம் போயிருக்கணும், அவ்ளோதான்" என்றார். அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடிந்தது. என் தாள்களை நீட்டினேன், வாங்கவில்லை. "வேணாம் டீச்சர். வரும்னு தெரிஞ்சா போதும்."

தீபாவளி அடைமழையில் ஒரு நாள், ரெயின்கோட் சொட்டச் சொட்ட மாடிக்கு வந்து நோட்டை நீட்டினார். எட்டுச் சின்னப் பக்கங்கள். நடுநடுவே ஸ்கூட்டர் நம்பர்கள். ஆறாவது பக்கத்தில் ஒரு மைனஸ் தவறியிருந்தது. வட்டம் போட்டேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து திருத்தினார், தவிடெல்லாம் ஈரமாக. சரியாக வந்ததும் நோட்டை மூடி உள்பாக்கெட்டில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை சுவரில் வேறு யாருடைய பெயரும் எழுத நான் விடவில்லை.

இதெல்லாம் இப்போது இல்லை. மண்டி போய், அந்த இடத்தில் கண்ணாடி வைத்த போன் கடை. முக்கில் சிக்னல் வந்துவிட்டது, கையைக் காட்டி வண்டியை நிறுத்த ஆள் வேண்டாம். ஏழுமலை ஓய்வு பெற்று கனகசெட்டிக்குளத்தில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. திரேஸ் அக்கா தம்பியோடு இருக்கப் பாரிஸுக்கே போய்விட்டாள், கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள். மத்தியானம் ஷட்டர் இறக்காத கடைகளும் நிறைய வந்துவிட்டன. என் கணக்கைப் போனில் படம் பிடித்தால் பட்டென்று, எழுத முடியாது என்று சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரில்லாத பிள்ளைக்கு யாரோ ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒரு கணக்கு முன்னால் ஒரு தெருவே ஒரு வாரம் நிற்பது இனி நடக்காது. நினைத்தால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போனவற்றில் ஒன்றே ஒன்று போனதற்கு மட்டும் நான் கும்பிடு போடுவேன். பிள்ளைகள் கை தூக்கினால் போர்டு பக்கம் திரும்பிக்கொள்வேனே, அந்தப் பயம் அந்தச் சனிக்கிழமையோடு போயிற்று, திரும்பவே இல்லை. டுட்டோரியலுக்குப் பிறகு பள்ளிக்கூட வேலை கிடைத்து இத்தனை வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். "தெரியல, போட்டுப் பாத்துட்டு நாளைக்கு சொல்றேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு பிள்ளை கூட எழுந்து போனதில்லை.